சத்தம் போடாத ஃபேன்

பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன்

சேசு மரி சூசை.

டாக்டரம்மா சொன்னதற்காக இந்த நோட்டு. தினமும் காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், அவர் கொடுத்த பிளாஸ்டிக் குழாயில் மூன்று தடவை ஊத வேண்டும். முள் எது வரைக்கும் ஏறுகிறதோ, அதில் பெரியதை எழுதி வைக்க வேண்டும். இன்று 210. என் வயதுக்கும் உயரத்துக்கும் 350 வர வேண்டுமாம்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் 250ஐத் தாண்டிவிட்டால் மாத்திரையும் உறிஞ்சுகிற மருந்தும் போதும். இறங்கினால் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்து, மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, குழாய் எட்டுகிற தூரத்துக்குள் நடமாட வேண்டியதுதான். எந்த மருந்தை விடவும் முக்கியம், வீட்டுக்குள் புகை கூடாது என்றார். நான் ஒரு நாளும் பிடித்தவள் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் இன்று காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகு பங்குச் சாமியார் முன்னால் போய் நின்றார். "சாமி, இந்தத் தவக்காலம் முழுக்கச் சுருட்டைத் தொடமாட்டேன். இவளுக்காக நேர்ச்சை" என்றார். சாமி இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. சாம்பல் கரைந்து மூக்கு வரைக்கும் வந்துவிட்டது.

மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது அடுத்ததைச் சொன்னார். சுருட்டுக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் மேற்பார்வை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது தானே இலை பொறுக்கி, தானே நின்று சுற்ற வைத்துக் கொண்டுவந்த சுருட்டில் இன்னும் நூற்றிருபது பாக்கி இருக்கிறது. திண்டுக்கல் வெயிலில் நாற்பது நாள் சும்மா கிடந்தால் காய்ந்து வெடித்துவிடும். ஈரம் அதிகமானால் பூஞ்சை பூத்துவிடும்.

"ஈஸ்டரன்னிக்குப் பத்த வைக்கையில பதமா இருக்கணும் சலேத்து. வெளிநாட்டுக்காரன்லாம் இதுக்குன்னே பீரோ வச்சிருக்கான், உள்ள ஃபேனோட. நீதான் மிக்ஸி, கடிகாரம்னு எல்லாத்தையும் கழட்டிப் பூட்டுறியே."

நேர்ச்சை அவருடையது. என் பங்குக்கு இது.

பிப்ரவரி 23, வியாழன்

210.

நடு அறையில் இருக்கும் கண்ணாடிக் கதவுத் தேக்கு பீரோவைக் காலி செய்தேன். அதில் இருந்த அந்தோணியார் சுரூபத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். மகள் வினோலியா பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கதவு விளிம்பில் ஃபிரிட்ஜ் ரப்பரை வெட்டி ஒட்டினேன்.

சுருட்டுகளை எண்ணினேன். நூற்றிருபது. ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு விரலால் லேசாக அமுக்கிப் பார்க்கச் சொன்னார். காய்ந்ததென்றால் சரசரக்கும். பதமென்றால் வாயைத் திறக்காது. நூற்றிருபதும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு வாசனை தெரியாது. கொரோனாக் காய்ச்சலோடு மூக்கு போய்விட்டது. அதனால் எனக்குக் காதுதான்.

பிப்ரவரி 25, சனி

210. நேற்று வெள்ளி, ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி, கோயிலில் சிலுவைப்பாதை. இன்று கேஸ் சிலிண்டர் வந்தது.

ஈரம் காட்டுகிற மீட்டர் இரண்டு வாங்கியிருக்கிறேன். வாங்கியதை அப்படியே நம்பக் கூடாது. கல் உப்பைத் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரிக் குழைத்து ஒரு மூடியில் வைத்து, மீட்டரோடு சேர்த்து டப்பாவில் போட்டு மூடிவைத்தால் மறுநாள் 75 காட்ட வேண்டும். ஒன்று 75 காட்டியது. இன்னொன்று 72. அதற்கு எப்போதும் மூன்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அதன் முதுகில் எழுதி ஒட்டினேன்.

பீரோவின் அடியில் ஈரப் பஞ்சுத் தட்டு வைத்தேன். கீழ்த்தட்டில் 77, மேல்தட்டில் 58. ஒரே பீரோவுக்குள் ஐப்பசியும் சித்திரையும். காற்று சுற்றினால்தான் சமமாகும். 68 வேண்டும் என்கிறார்.

பிப்ரவரி 27, திங்கள்

210.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சையது பாய் கடைக்குப் போய் ஒரு ஃபேன் வாங்கினேன். உள்ளங்கை அளவுதான். பின்பலகையில் திருகி, பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் கொடுத்தேன். கதவு திறந்திருக்கும்போது ஓடினால் ஈரத்தையெல்லாம் வெளியே தள்ளிவிடும். மூடி போட்டால்தான் ஓடும் என்று பழைய மிக்ஸியில் ஒரு சுவிட்ச் இருந்ததே, அதைக் கழற்றிக் கதவு நிலையில் வைத்தேன். கதவு மூடினால் ஓடும். திறந்தால் நிற்கும்.

வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். அடுக்களையில் தாளிக்கும்போதும் கேட்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் யாரோ செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி.

மார்ச் 1, புதன்

220! முள்ளைத் தட்டிப் பார்த்தேன். திரும்ப ஊதினேன். 220தான்.

மேலே 68, கீழே 69.

பதினொரு மணிக்குப் புளிக்குழம்பு கொதிக்கும்போது சத்தம் நின்றது. சுவிட்ச் கழன்றுவிட்டதோ என்று கரண்டியோடு ஓடினேன். பீரோவைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். வாசனை பார்த்ததாகச் சொன்னார். பார்க்கட்டும். வாசனைக்கு நேர்ச்சை இல்லையே.

மார்ச் 3, வெள்ளி

220.

இன்றும் இரண்டு தடவை சத்தம் நின்றது. இரண்டு தடவையும் போனேன். இரண்டு தடவையும் கதவை மூடிவிட்டு, மீட்டரைப் பார்த்ததாகச் சொன்னார். மீட்டர் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரியும்படிதான் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஒரு சந்தேகம் கேட்டார். தவக்காலத்தில் நாற்பது நாள் என்று எண்ணும்போது ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்ப்பதில்லையாமே, அப்படியானால் ஞாயிறு நேர்ச்சைக்குள் வருமா என்று. கணக்கு என்னவோ அவர் சொல்கிறபடிதான். ஆனால் அவர் சாமியிடம் சொன்ன வார்த்தை "முழுக்க". அதைச் சொன்னேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

மார்ச் 4, சனி

220.

"இந்தச் சத்தம் காதைக் குடையுது. மத்தியானம் கண்ணை மூட முடியல, செபம் சொல்ல முடியல. வீடா, மாவு மில்லா?" என்று கேட்டார்.

எனக்கு வண்டு மாதிரித்தான் இருக்கிறது. அவருக்கு அப்படி இல்லை போல. பழக்கத்தை விட்ட மனுஷருக்குச் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன். குறைக்கிறேன் என்றேன்.

மார்ச் 6, திங்கள்

230.

ஃபேனைக் கையில் தூக்கிப் பிடித்து ஓடவிட்டால் சத்தம் பாதிகூட இல்லை. பலகையில் வைத்தால்தான் கத்துகிறது. அப்படியானால் கத்துவது பீரோ. ஃபேன் நடுக்கம் கொடுக்கிறது, தேக்குப் பலகை அதை வாங்கிப் பெரிதாக்குகிறது. சைக்கிள் டியூபை வெட்டி நான்கு மூலைக்கும் மெத்தை வைத்தேன். குறைந்தது. போதாது என்றார்.

மார்ச் 7, செவ்வாய்

230. ஃபேன் நடுவில் இருந்த ஸ்டிக்கரைக் கிளப்பி அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. டிக் டிக் என்று இருந்தது போயிற்று. உர்ர் இருக்கிறது.

மார்ச் 9, வியாழன்

240.

வினோலியாவுக்கு ஓசூருக்குப் போன் போட்டு அப்பாவின் நேர்ச்சையைச் சொன்னேன். அழுதாள். "அப்பாட்ட குடும்மா" என்றாள். அவர் போனை வாங்கி, "உங்கம்மாவுக்காக இது கூடச் செய்யமாட்டனா?" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாண ஆல்பத்தில் இருக்கிற சிரிப்பு.

குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

மார்ச் 13, திங்கள்

240.

சையது பாயிடம் போனேன். பெரிய ஃபேனாக இருந்து மெதுவாகச் சுற்றினால், சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றுகிற அளவு காற்றையே சத்தமில்லாமல் தள்ளும் என்று எனக்கு ஒரு யோசனை. இலையில் சோற்றை ஆற வைக்க விசிறியை வேகமாக வீசுவதும், பெரிய முறத்தை மெதுவாக ஆட்டுவதும் போல. பன்னிரண்டு வோல்ட் ஃபேனுக்குப் பழைய போன் சார்ஜரில் இருந்து ஐந்து வோல்ட் மட்டும் கொடுக்க வேண்டும். ஆனால் எல்லா ஃபேனும் ஐந்தில் கிளம்பாது. பாய் ஒவ்வொன்றாக மேசையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான்கு அசையவே இல்லை. ஐந்தாவது, கொஞ்சம் யோசித்துவிட்டு, சுற்ற ஆரம்பித்தது.

"யாருக்கும்மா இவ்வளவு சத்தமில்லாம வேணும்? ஆஸ்பத்திரிக்கா?" என்றார்.

சுருட்டுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றுவிட்டேன். இது ஒரு பொய். சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

மார்ச் 15, புதன்

240.

முடிந்தது. மரத்தில் எங்குமே படாமல், டியூப் ரப்பரை நாலு பட்டையாக வெட்டி, நான்கு மூலையிலும் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டேன். முன்னால் ஒரு பஞ்சு இழையைக் கட்டினேன். இழை ஆடுகிறது, அதனால் ஓடுகிறது என்று தெரிகிறது. காதை வைத்தால் ஒன்றுமில்லை. மேலே 68, கீழே 68.

அவரைக் கூப்பிட்டேன். கண்ணாடியில் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"தொறந்தாலும் மூடுனாலும் ஒன்னும் தெரியலையே" என்றார். அப்புறம், "கில்லாடிடி நீ" என்றார்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு நல்ல வார்த்தை. அதனால் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 16, வியாழன்

240. பீரோ காலை 68, பகல் 61, மாலை 67.

பகலில் ஏன் இறங்கியது என்று தெரியவில்லை. ரப்பர் விளிம்பு வெயிலில் சுருங்கியிருக்கும்.

தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று பார்க்க மாடிக்குப் போனார். எனக்கு ஏற முடியாது. பதினெட்டுப் படி.

மார்ச் 18, சனி

230. நேற்றுப் பீரோ பகலில் 60.

நேற்று சிலுவைப்பாதை முடிந்து வரும்போது வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. சீலிங் ஃபேன் அஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. என்னங்க என்றேன். "நீ மூச்சு வாங்கிட்டு வருவியே, காத்து வரட்டும்னு" என்றார். இதற்கு முன்னால் எனக்காக யாரும் இப்படி யோசித்துச் செய்ததில்லை.

ராத்திரி இருமல். கோயிலில் சாம்பிராணி அதிகம்.

மார்ச் 20, திங்கள்

220. கதவு ரப்பரைப் பிய்த்துப் புதிதாக ஒட்டினேன். பகலில் 62.

மார்ச் 21, செவ்வாய்

220. ரப்பருக்கு மேல் மெழுகு தடவினேன். காலை 68. பத்து மணிக்கு 60. பன்னிரண்டுக்கு 67. நாலு மணிக்கு 61. மெதுவாகக் கசிகிற ஓட்டை என்றால் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். இது படக்கென்று விழுந்து, ஒரு மணி நேரத்தில் தானாக ஏறுகிறது. மீட்டரில் கோளாறோ என்று திரும்ப உப்புச் சோதனை வைத்தேன்.

மார்ச் 22, புதன்

மீட்டர் சரி. 75 காட்டுகிறது.

என் மூச்சு 210.

மார்ச் 25, சனி

200.

வினோலியா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுருக்கினாள்.

"அம்மா, சுருட்டு நாத்தம் அடிக்குது."

அவர் உள்ளேயிருந்து பதில் சொன்னார். "பீரோ நெறையச் சுருட்டு இருக்கு, அடிக்காம? முப்பத்தெட்டு வருஷம் பிடிச்ச வீடு, செவுத்துல ஊறியிருக்காதா? வந்ததும் வராததுமா போலீசாட்டம்."

அது நியாயம்தான். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து, "எண்ணிப் பாத்தியா?" என்றாள். ஒருத்தருடைய நேர்ச்சையை எண்ணிப் பார்ப்பது மரியாதை இல்லை என்றேன். "ஓசூருக்கு வந்துரும்மா" என்றாள். ஈஸ்டர் முடியட்டும் என்றேன்.

மார்ச் 28, செவ்வாய்

200. பீரோ 68, 59, 66, 60, 67.

ஃபேன் சுற்றுகிறது. இழை ஆடுகிறது. நான் செய்ததில் எங்கே தப்பு என்று தெரியவில்லை.

மார்ச் 31, வெள்ளி

190.

சிலுவைப்பாதையில் ஒன்பதாம் ஸ்தலத்துக்கு மேல் எழுந்திருக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில், எண்ணினேன். நடுவில் கணக்கு தவறி முதலில் இருந்து எண்ண வேண்டியதாயிற்று.

நூற்றிருபது. ஒன்றும் குறையவில்லை.

என் மனசு எவ்வளவு அழுக்கு என்று தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 1, சனி

190.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபேன் ஆஸ்பத்திரிக்கு என்று சொன்ன பொய்யை முதலில் சொன்னேன். பிறகு, எனக்காக நேர்ச்சை இருக்கிற மனுஷரைச் சந்தேகப்பட்டு, திருட்டுத்தனமாக எண்ணியதைச் சொன்னேன். "ஒருவர் உனக்குச் செய்கிற தியாகத்தை அளந்து பார்க்காதே அம்மா" என்றார் சாமி. அபராதமாக ஐம்பத்து மூன்று மணி செபமாலை கொடுத்தார். முழங்காலில் இருந்தே சொன்னேன். நடுவில் இரண்டு முறை இருமலுக்கு நிறுத்த வேண்டியிருந்தது. அந்தப் பத்து மணியை மறுபடியும் முதலில் இருந்து சொன்னேன்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

190.

பிரசங்கத்தில் சாமி பெயரைச் சொல்லாமல் சொன்னார். நம் பங்கில் ஒரு பெரியவர், நாற்பது வருஷப் பழக்கத்தை மனைவியின் மூச்சுக்காகக் கல்வாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டார், இளைஞர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து, கையில் இருந்த குருத்தோலையை மடித்து மடித்துச் சிலுவை செய்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

ஏப்ரல் 5, புதன்

180.

ஈஸ்டருக்கு முன் பீரோவைத் துடைக்கலாம் என்று தட்டுகளை வெளியே எடுத்தேன். எடுத்த கையோடு, முதல் நாள் செய்தது போலவே, ஒன்றைக் காதருகே வைத்து அமுக்கினேன். சரசரத்தது.

அடுத்ததும். அதற்கு அடுத்தது வாயைத் திறக்கவில்லை.

நூற்றிருபதையும் பார்த்தேன். முன்வரிசை எல்லாம் பதமாக இருக்கிறது. பின்வரிசையில் நாற்பத்தொன்று சரசரக்கிறது. அவை சுற்றிய விதமும் வேறு. நுனி அவசரத்தில் மடித்த மாதிரி. ஆறு வாரம் 68இல் இருந்த சுருட்டு எப்படிக் காயும்?

ஃபேனில் கோளாறு. பின்பக்கம் காற்று போகவில்லை போல.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் பின்பலகையில்தான் தொங்குகிறது. பின்வரிசைக்குத்தான் காற்று முதலில் போகும்.

வத்தலுக்குச் சுண்டைக்காய் மோரில் போட வேண்டும்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

180. ஒன்றும் சாப்பிடவில்லை. சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றபோது அவர் எனக்கு முன்னால் நின்றார். ஆணி அடித்த பாதத்தில் முத்தமிட்டுவிட்டு நகர்ந்தார். நான் மறுபாதத்தில் முத்தமிட்டேன்.

ஏப்ரல் 8, சனி

180.

அவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார். நான் மாடிக்குப் போனேன். ஆறு படி, உட்கார்ந்தேன். ஆறு படி, உட்கார்ந்தேன். கடைசி ஆறும் தவழ்ந்த மாதிரித்தான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. போன வருஷம் தொலைந்துபோனதாக நான் தேடிய வத்தல் டப்பாவின் மூடி, அதில் துண்டுச் சுருட்டுகள். முப்பத்து மூன்று. பெட்டிக்கடைச் சுருட்டுக் கட்டின் காலிக் காகிதம், எட்டாக மடித்து நாற்காலிக் காலுக்கு அடியில். நாற்காலி ஆடாமல் இருக்க வைத்திருக்கிறார்.

பின்வரிசையில் கடைச் சுருட்டு வைத்து மாற்றிய நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று போனால் எட்டு. நான் சிலுவைப்பாதைக்குப் போன வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் சீலிங் ஃபேன் ஓடியது.

எதையும் தொடவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் வைத்த ஃபேனில், கதவு திறந்தால் சத்தம் நிற்பது எனக்கு அடுக்களையிலிருந்தே தெரியும். அது சரியில்லை என்று சொன்னவர் அவர். அதைச் சத்தமில்லாமல் ஆக்கியது நான். ஒன்பது நாள் வேலை. டியூப் வெட்டிய கத்தரிக்கோல் தழும்பு இன்னும் பெருவிரலில் இருக்கிறது.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

180.

மத்தியானம் அவர் தம்பி குடும்பமும் கோயில் உபதேசியாரும் சாப்பிட வந்திருந்தார்கள். பிரியாணி. சாப்பிட்டு முடித்ததும் எல்லாரையும் பீரோ முன்னால் நிற்க வைத்து, கதவைத் திறந்து, முன்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினார். வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் காட்டினார். "சலேத்துக்காக வெளிய போய்ப் பிடிக்கேன்" என்று வாசலுக்குப் போனார். நாற்பது நாளைக்குப் பிறகு முதல் சுருட்டு என்று தம்பி போட்டோ எடுத்தார். உபதேசியார் கை தட்டினார்.

ஃபேன் ஓடுகிறதா என்றே தெரியவில்லையே என்று தம்பி மனைவி கேட்டாள். வாசலில் இருந்தே அவர் சொன்னார், "எம் பொண்டாட்டி கை அது. உள்ள என்ன நடந்தாலும் வெளிய ஒரு சத்தம் வராது."

நான் பாயசம் ஊற்றினேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

180.

ஆஸ்பத்திரி. பெரிய மெஷினில் ஊதச் சொன்னார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, முதலில் இருந்ததைவிட மோசமாகியிருக்கிறதே, வீட்டில் புகை உண்டா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொன்னார். "நாப்பது நாள் தொடலை டாக்டர். சாமியாரே பிரசங்கத்துல சொல்லிட்டாரு. வேணும்னா இவள்ட்டயே கேளுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இவரும் என்னைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷமாக இந்த மாதிரி நேரத்தில் நான் தலையை ஆட்டியிருக்கிறேன்.

தலையை ஆட்டவில்லை. நோட்டைக் கொடுத்தேன்.

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். "மூச்சு எண் தெரியுது. பக்கத்துல 68, 60, 67னு இருக்கே, அது என்னம்மா?"

"அது அவரோட சுருட்டு பீரோ, டாக்டர். கதவு தொறந்தா எறங்கும்."

டாக்டரம்மா பேனாவை எடுத்து ஒவ்வொரு தேதியாகத் தொட்டுக்கொண்டே போனார். மார்ச் பதினைந்தில் பேனா நின்றது. பிறகு மெதுவாகக் கீழே வந்தது. நோட்டை மூடினார். எனக்கு மட்டும் சொன்னார், மெஷின் எழுதித் தருகிறேன், நாளில் பதினாறு மணி நேரம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று.

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த மெஷின் சத்தம் போடுமா டாக்டர்?"

ஏப்ரல் 12, புதன்

180. பீரோ 68.

மெஷின் வெள்ளிக்கிழமை வருகிறது. குழாய் ஏழு மீட்டர். படுக்கையில் இருந்து அடுக்களை வரைக்கும் எட்டும், நடு அறை வரைக்கும் எட்டும். வாசல் வரைக்கும் எட்டாது. ஓசூருக்கு எட்டாது. நான் அளந்து பார்த்துவிட்டேன்.

அவர் நேற்றிலிருந்து பேசவில்லை. காலையில் காப்பியை வைத்தபோது மட்டும், "நேர்ச்சை முடிஞ்சிருச்சு, இனிமே ஒருத்தரும் ஒன்னும் கேக்க முடியாது" என்று காப்பியைப் பார்த்துச் சொன்னார். ஆமாம் என்றேன்.

பத்து மணிக்குத் திருப்புளியை எடுத்தேன். ரப்பர்த் தொட்டிலை அறுத்துப் பெரிய ஃபேனை வெளியே எடுத்தேன். பழைய சின்ன ஃபேனைப் பலகையோடு பலகையாக, மெத்தை இல்லாமல், நான்கு திருகும் இறுகப் பூட்டினேன். பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன். கதவை மூடினேன். முன்பைவிடச் சத்தம் அதிகம். அச்சில் எண்ணெய் காய்ந்திருக்கிறது. புதிதாக விடவில்லை.

அறையில் இருந்து வந்து நின்றார். "என்னடி இது, மறுபடியும்?"

"இதான் நல்லா காத்து இழுக்குதுங்க. கதவு தொறந்தா நின்னுரும்."

பீரோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய்விட்டார்.

அந்தோணியாரை ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்துத் துடைத்துப் பீரோவின் தலையில் வைத்தேன். சத்தத்துக்கு அவரும் லேசாக நடுங்குகிறார். சுண்டைக்காயை இரண்டாம் முறை மோரில் போட்டேன். இப்போது அடுக்களையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

நின்றது.

எழுந்து போகவில்லை. மணி 4.10. எழுதிக்கொண்டேன்.